மூன்று சுற்று பின்னுக்கு

அஸ்லமின் வண்டியில் பின்பக்க இடது சக்கரம் ஒரு கணம் சுற்றாமல் நின்றதை அத்தனை கூட்டத்தில் பார்த்தது ரிஃபா ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தயம் பார்க்க வருகிறவர்கள் வண்டியைப் பார்ப்பதே இல்லை.

நேர்ப்பாதை முடியும் இடத்தில், முதல் வளைவுக்காக அவன் பிரேக்கை மிதித்தபோது அது நடந்தது. சக்கரம் நின்றது. தாரில் தேய்ந்து ஓர் இழை வெள்ளைப் புகை கிளம்பியது. வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக ஓர் அடி விலகி, மனம் மாறியது போல மறுபடி ஒட்டிக்கொண்டது. வளைவுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் குட்டை. 

அந்தக் குட்டை அங்கே இருப்பதற்கு ஆதிநாராயணன்தான் காரணம். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டி, அவருக்கு ஐந்து இறால் குட்டைகள் இருந்தன. இரண்டு வருடம் தொடர்ந்து இறாலுக்கு நோய் கண்டதும் மனுஷன் வெறுத்துப்போய் நான்கைத் தூர்த்து, தார் போட்டு, கார் ஓட்டும் தடமாக்கிவிட்டார். "எறாலுக்கு நோவு வந்தா நாந்தான் பாக்கணும். இந்தப் பசங்களுக்கு வந்தா அவங்களே ஆஸ்பத்திரிக்குப் போயிடுறாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஐந்தாவதைத் தூர்க்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. என்றைக்காவது இறால் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நப்பாசை.

மற்ற ஞாயிறுகளில் அங்கே விளையாட்டுக்கு ஓட்டுவார்கள். இந்த ஞாயிறு அப்படியில்லை. சென்னையிலிருந்து ஒரு பந்தயக் குழுவின் மேலாளர் பெனிட்டா வந்து பந்தலடியில் உட்கார்ந்திருந்தார். இங்கே ஓட்டும் ஏழு பேரில் ஒருவனைப் பொறுக்கி, வருகிற பருவம் முழுக்கத் தன் குழுவில் ஓட்ட வைக்கப் போகிறார். காலைச் சுற்றுகளில் அஸ்லம் இரண்டாவது இடம். முதலில் இருந்தவனுக்கும் அவனுக்கும் கண்ணிமைக்கும் நேரம்தான் வித்தியாசம். கடைசி ஓட்டம் மூன்று மணிக்கு. முப்பத்திரண்டு வயதில் இன்னொரு தடவை யாரும் வந்து இப்படி உட்காரமாட்டார்கள் என்பது அஸ்லமுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் காலையிலிருந்து அவன் முகத்தைப் பார்த்து யாராலும் பேச முடியவில்லை. சாதாரண நாளிலேயே அவனுக்கு மூக்கின் மேல் கோபம்.

அண்ணனும் தங்கையும் பழவேற்காட்டில் படகு என்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். ரிஃபா பொன்னேரியில் டிப்ளமோ படித்தவள், அவனைவிட ஆறு வயது சின்னவள். இந்தப் பழைய காரை வாங்கி, ஓட்டுகிறவன் இருக்கை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, இரண்டு வருடமாக இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். என்ஜின் அஸ்லமின் பொறுப்பு. பிரேக் ரிஃபாவின் பொறுப்பு.

இந்த மாதிரி வண்டியில் பிரேக் மிதிக்குப் பின்னால் இரண்டு சிலிண்டர்கள் உண்டு. ஒன்று முன்சக்கரங்களுக்கு, இன்னொன்று பின்சக்கரங்களுக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குத்தண்டு, அதில் ஒரு திருகு. திருகை ஒரு பக்கம் சுற்றினால் காலின் பலத்தில் பெரும்பங்கு முன்னுக்குப் போகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் பின்னுக்குப் போகும். முன்னுக்கு அதிகமானால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். பின்னுக்கு அதிகமானால் பின்சக்கரங்கள் முதலில் நின்றுபோய், வண்டியின் பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்க்கும். அப்புறம் ஓட்டுகிறவனுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை.

பத்து நாள் முன்பு ரிஃபா அந்தத் திருகை மூன்று சுற்று பின்னுக்குத் திருகியிருந்தாள். ஊரில் பிரேக் சோதிக்க எங்கே இடம்? சாலையில் வைத்தால் பஸ்ஸும் ஆடும் குறுக்கே வரும். கோடையில் ஏரி வற்றிய பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் பரந்து கிடக்கும், நாலு பக்கமும் ஆள் அரவம் இருக்காது. அங்கே அஸ்லம் ஓட்டி ஓட்டிப் பிரேக் போட, அவள் குனிந்து சக்கரத் தடங்களை அளந்தாள். முதலில் முன்சக்கரங்கள் மட்டும் நின்று இழுத்தன. ஒரு சுற்று திருகினாள், இன்னொன்று, இன்னொன்று. மூன்றாவது சுற்றில் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் நின்று, சேற்றுத் தரையில் ஒரே நீளத்துக்கு நான்கு கோடுகள் விழுந்தன. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்துத் தன்னுடன் படித்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

இப்போது அந்தப் புகையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வற்றிய ஏரி வழுக்குகிற தரை. அங்கே எவ்வளவு மிதித்தாலும் வண்டி சறுக்குமே தவிர மூக்கைக் குத்தாது. அதனால் பின்சக்கரங்கள் மேல் எடை அப்படியே நிற்கும், பிரேக்கைத் தாங்கும். இங்கே வெயிலில் காய்ந்த தார், டயரைக் கடித்துப் பிடிக்கிறது. பிரேக் போட்டதும் வண்டி மூக்கைக் குத்திப் பின்புறத்தைத் தூக்குகிறது. எடையெல்லாம் முன்னால் போய்விட, பாரமே இல்லாத பின்சக்கரத்துக்கு அவள் மூன்று சுற்று பிரேக்கை அள்ளிக் கொடுத்திருக்கிறாள். பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள்! காலையில் தடத்தில் கிடந்த மணலும் புழுதியும் குற்றத்தை மறைத்திருந்தன. வண்டிகள் ஓட ஓட மணல் பறந்துவிட்டது, வெயிலும் ஏறிவிட்டது. இனி ஒவ்வொரு சுற்றும் போன சுற்றைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அஸ்லம் வண்டியை நிறுத்தி இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினான். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

"பாத்தியா, மூக்கு எப்டி உள்ள போவுதுன்னு? பின்னாடி லேசா ஆடுது, அந்த ஆட்டத்துலயே திருப்பிடுறேன்."

"அண்ணே, அது ஆட்டம் இல்ல. பின்வீல் நின்னுபோச்சு, நான் பாத்தேன். மூணு சுத்து முன்னுக்கு வெச்சுடறேன்."

"இன்னாத்துக்கு?"

"நான் தப்பா வெச்சுட்டேன். ஏரியில சரியா இருந்துது, இங்க சரியில்ல."

ஒருத்தி தன் வாயால் தன் தவற்றை ஒப்புக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. அவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னதை அவன் காதிலேயே வாங்கவில்லை.

"உம்மா போன் பண்ணிப் பயமுறுத்துனாங்களா?"

"உம்மாவுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"பின்ன ஏன் திடீர்னு பயப்படுற? முன்னுக்கு வெச்சா வண்டி எருமை மாதிரி நேரா போவும், அர செகண்டு போயிடும். அர செகண்டு போனா எல்லாம் போச்சு. கை வெக்காத." திரும்பி இளவழகனிடம் சொன்னான்: "கடைசி ஓட்டத்துக்கு மூணு லிட்டர் போதும். மீதி பெட்ரோல எறக்கிடு."

இளவழகன் கடலோரக் குப்பத்து மீனவன், அஸ்லமின் சேக்காளி. தன் படகு கடலுக்குப் போகாத நாட்களில் டயர் மாற்ற வந்துவிடுவான். அவன் கேனும் குழாயுமாக வண்டியின் பின்பக்கம் குனிந்தபோது ரிஃபாவுக்கு இன்னொன்றும் உறைத்தது. டேங்க் இருப்பது பின்னால். இருந்த கொஞ்சநஞ்ச பாரமும் இப்போது இறங்கப் போகிறது.

அஸ்லம் அவர்கள் வந்த வேனுக்குப் பின்னால் மதியத் தொழுகையான லுஹர் தொழப் போனான். இளவழகன் கேனைத் தூக்கிக்கொண்டு பந்தல் பக்கம் போனான். வண்டி தனியாக நின்றது. ரிஃபா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, மிதிக்கருகே தலையை நுழைத்துக் கையை உள்ளே விட்டாள்.

ஒரு சுற்று முன்னுக்குப் போனது. இரண்டாவதும் போனது. யாருக்கும் தெரியாது. ஓடி முடித்த பிறகு திட்டினால் திட்டட்டும், உயிரோடு திட்டட்டும். மூன்றாவது சுற்றில் பாதிக்கு வந்தபோது கை தானாக நின்றது. அவனிடம் சொல்லாமல் மாற்றினால் அவன் அதே இடத்தில், அதே வேகத்தில், அதே கணக்கில் மிதிப்பான். வண்டி மட்டும் வேறு வண்டியாக இருக்கும். திரும்பும் என்று நம்பித் திருப்புவான், அது நேரே குட்டைக்குப் போகும். தவறான பிரேக்கில் செத்தால் அது விபத்து. தெரியாத பிரேக்கில் செத்தால் அதற்கு என்ன பெயர் என்று நினைக்கவே அவளுக்குத் துணிச்சல் இல்லை.

எண்ணி எண்ணி இரண்டரைச் சுற்றையும் பழைய இடத்துக்கே திருப்பினாள். எழுந்தபோது எதிரே இளவழகன் நின்றிருந்தான்.

"இன்னா தங்கச்சி, ஸ்பேனரும் கையுமா நிக்கிற?"

சொன்னாள். பிரேக் கணக்கு அவனுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் கரை தெரிந்தது, குட்டை தெரிந்தது, அவள் முகம் தெரிந்தது. "பாய் கிட்ட மறுபடி சொல்லு. கேக்கலன்னா கத்திச் சொல்லு" என்றான்.

மணி இரண்டே கால். அஸ்லம் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு வந்தான். அவனுக்குப் பின்னால் ஆதிநாராயணனும் பெனிட்டாவும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். ரிஃபாவுக்கு இதைவிட மோசமான நேரம் கிடைத்திருக்காது. ஆனாலும் சொன்னாள், இந்தத் தடவை எல்லோர் காதிலும் விழும்படி.

"இந்த வண்டில பிரேக் தப்பா கீது. வெச்சது நான். இத எடுத்துக்கினு நீ ஓட்டக் கூடாது."

அஸ்லமின் முகம் சுருங்கியது. பெனிட்டாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். "மேடம், ஒண்ணும் இல்ல, பயந்துட்டா" என்றான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் மட்டும், "மானத்த வாங்காத. இங்கேருந்து போ" என்றான்.

"போக மாட்டேன். கை வெச்சது நானு. மொத ஓட்டம் என்னுது."

 அவர்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜினில் யார் கை வைத்தார்களோ அவர்கள், அந்தப் படகு முதல் தடவை முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும்போது ஏறிக்கொண்டு கூடவே போகவேண்டும். காய்ச்சல், கல்யாணம், மழை எந்தச் சாக்கும் செல்லாது. வழக்கத்தை விடாப்பிடியாகக் காப்பவன் அஸ்லம்தான். போன பங்குனியில் இளவழகனின் படகு என்ஜினை ரிஃபா பிரித்துப் பூட்டியபோது, பொம்பளையைப் படகில் ஏற்றுவதா என்று குப்பத்தில் முணுமுணுத்தார்கள். "பூட்டுனது அவ. ஏற மாட்டான்னா, பூட்டுனதே தப்புன்னு அர்த்தம்" என்று அத்தனை பேர் எதிரிலும் சொல்லி அவளை ஏற்றி அனுப்பியவன் இவன். ஆனால் தன் காரில் ஒரே இருக்கை என்பதால் இந்த வழக்கம் அவன் நினைவுக்கே வரவில்லை. ஏரியிலும் அவன்தான் ஓட்டினான், இவள் கோடு அளந்தாள்.

"பாய், அது கேக்குறது நாயம்" என்றான் இளவழகன்.

"ஒரே ஒரு சுத்து" என்றாள் ரிஃபா. "நீ பிரேக் அமுக்குற எடத்துலயே அமுக்குறேன். வண்டி நேரா நின்னு திரும்பி வந்துச்சுன்னா, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். நீ எடுத்துக்கினு போ."

பெனிட்டா கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. டிரைவர் லிஸ்ட்ல அவங்க பேர் இருக்கா?"

இருந்தது. இரண்டாவது ஓட்டுநர் பெயரும் எழுதினால்தான் ஆதிநாராயணன் படிவத்தை வாங்குவார். அதற்காக எப்போதோ எழுதி வைத்த பெயர். "ஜாக்ரத பாப்பா" என்று சொல்வதைத் தவிர இப்போது அவருக்கும் வேறு வழியில்லை.

அஸ்லம் ஹெல்மெட்டை அவள் கையில் கொடுத்தான். கொடுத்த விதத்தில் கோபம் இருந்தது. ஆனால் பெல்ட்டை அவனே குனிந்து இழுத்து இறுக்கினான், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

முதல் முக்கால் சுற்று அவள் மெதுவாகத்தான் போனாள். டயர் சூடாக வேண்டும். அவளும் மூச்சு விட வேண்டும். ஹெல்மெட்டுக்குள் அண்ணனின் வியர்வை வாடை அடித்தது. கடைசி வளைவைத் தாண்டி நேர்ப்பாதை கண்ணில் பட்டதும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாள்.

ஏமாற்றுவதென்றால் இரண்டு வழியிலும் ஏமாற்றலாம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வேண்டுமென்றே முரட்டுத்தனமாகக் குத்தி மிதித்து வண்டியைச் சுழலவிட்டு, பார்த்தாயா என்று கேட்கலாம். பயத்தில் பாதி மிதித்துப் பத்திரமாகத் திரும்பி வந்து, அவனைச் சாகவும் அனுப்பலாம். இரண்டும் கூடாது. அவன் மிதிப்பது போல மிதிக்க வேண்டும். அவன் மிதிப்பதைக் காலையிலிருந்து பத்து தடவை பார்த்திருக்கிறாள்: நூறு மீட்டர் பலகையைத் தாண்டியதும், ஒரே அமுக்காக, உறுதியாக.

வேகம் காட்டும் முள் நூறைத் தொட்டது. பந்தலும் ஆட்களும் பக்கத்தில் ஒரு வண்ணக் கோடாக ஓடினார்கள். நூற்றுப் பத்து. எதிரே வளைவும் கரையும் அவள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெரிதாகின. நூற்றுப் பதினெட்டு. பலகை வருகிறது, வருகிறது, இன்னும் வரவில்லை. கால் அவளைக் கேட்காமல் மிதித்துவிட்டது. பலகைக்கு முன்பே மிதித்துவிட்டது.

வண்டி மூக்கைக் குத்தியது. ஒரு கணம் எல்லாம் நேராக இருந்தது. பிறகு முதுகுக்குப் பின்னால் ஏதோ அறுந்துபோனது போல ஒரு லேசான உணர்வு, அவ்வளவுதான். சத்தமே இல்லை. இடப்பக்கக் கண்ணாடியில் தெரிய வேண்டிய பந்தல் முன்கண்ணாடியில் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாள், எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது. தார், வானம், தார், ஏரி. வண்டி பின்பக்கமாகக் கரையில் மோதி ஏறியது. தூக்கிப் போட்டதில் தலை கம்பியில் இடித்தது. பிறகு எல்லாம் நின்றது. எங்கோ தண்ணீர் குபுகுபுவென்று நிறையும் சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது எதிரே வானம்தான் இருந்தது. முன்சக்கரங்கள் கரை மேல் மாட்டிக்கொண்டு நின்றன, பின்பாதி குட்டைக்குள் இறங்கியிருந்தது. அவள் கையை நீட்டி மெயின் சுவிட்சை அணைத்தாள். அதை மட்டும் கை மறக்கவில்லை.

அஸ்லம் வெறுங்காலோடு கொதிக்கும் தாரில் அத்தனை தூரமும் ஓடி வந்தான். கரையில் வழுக்கி விழுந்து, எழுந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கதவைப் பிய்க்காத குறையாகத் திறந்தான்.

"அறிவிருக்கா ஒனக்கு? செத்துருப்பே! அறிவு கீதா?" பெல்ட்டை அவிழ்க்கத் தெரியாமல் விரல்கள் தடுமாறின. வாழ்நாள் முழுக்கப் பூட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த விரல்கள். பின்னாலேயே வந்த இளவழகன்தான் கொக்கியை அழுத்தி விட்டான். இருவரும் சேர்ந்து அவளை வெளியே எடுத்துக் கரையில் உட்கார வைத்தார்கள். நெற்றியில் ஒரு வீக்கம், வேறொன்றும் இல்லை.

"கால ஆட்டு" என்றான் அஸ்லம். ஆட்டினாள்.

"அவ்ளோ வேகமா ஏன் போன? எங்க அமுக்குன? பலகையத் தாண்டியா?"

"இல்லண்ணே. பயந்துட்டேன். பத்து மீட்டர் முன்னாடியே அமுக்கிட்டேன்."

"எவ்ளோ?"

"நூத்திப் பதினெட்டு."

 அந்த இடத்துக்கு அஸ்லம் நூற்று நாற்பதில் வருவான். பலகையைத் தாண்டித்தான் மிதிப்பான். மூன்று மணி ஓட்டத்தில் அதையும் தாண்டி மிதிப்பதாக இருந்தான், காலையிலேயே மனதுக்குள் முடிவு செய்துவிட்டான், யாரிடமும் சொல்லவில்லை. கரை மேல் மாட்டியிருந்த முன்சக்கரங்களைப் பார்த்தான். அவற்றுக்கும் அந்தப் பக்கத்துச் சரிவுக்கும் நடுவே இருந்த ஒரு சாண் மண்ணைப் பார்த்தான். குட்டையின் நடுவே பச்சையாக அசையாமல் கிடந்த தண்ணீரைப் பார்த்தான். அப்புறம் நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். ஆறடி மனுஷன், ஊரில் யாருக்கும் அடங்காதவன், வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ரிஃபாவுக்கு அப்போதுதான் பயம் முழுதாக வந்தது. அவளும் அழுதாள்.

கரைக்கு மேலிருந்து பெனிட்டாவின் குரல் கேட்டது. "அவங்க நல்லா இருக்காங்களா? அஸ்லம், வேற யார் வண்டியாவது கேட்டுப் பாக்கட்டுமா? உங்க டைமுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

அஸ்லம் திரும்பிப் பார்க்காமலே வேண்டாம் என்று கையை அசைத்தான். மூன்று மணிக்கு வேறொருவனின் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியபோதும் அவன் தலையைத் தூக்கவில்லை. தங்கையின் கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "எலும்பு கிலும்பு ஒடையலியே? எங்க, கால ஆட்டு" என்றே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவளும் ஒவ்வொரு தடவையும் ஆட்டிக் காட்டினாள்.